ஹெல்மெட் பூஜையில் இருந்த காலை

குப்பை வண்டியில் மேற்பார்வையாளராகப் புதிதாக ஏறப் போகிற உங்களுக்கு, தொட்டியை எப்படித் தூக்குவது, தெருவை எந்த வரிசையில் முடிப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை ஓட்டுநரும் ஏற்றுகிறவர்களும் உங்களைவிட நன்றாக அறிவார்கள். பத்து நாள் போனால் உங்களுக்கும் புரிந்துவிடும். ஆனால் யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது என்பது மட்டும் பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு படத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படத்தில் அடிபட்டவர் தரையில் கிடப்பார். நான்கு பேர் சுற்றி நிற்பார்கள். மேற்பார்வையாளர் கையில் போனோடு நிமிர்ந்து நின்று முடிவெடுத்துக்கொண்டிருப்பார்.

அடிபட்டவரே மேற்பார்வையாளராக இருந்தால் முடிவெடுப்பது யார் என்று அந்தப் படத்தை வரைந்தவர் யோசிக்கவில்லை. நானும் யோசித்ததில்லை, என் தலையில் அடிபடும்வரை.

இதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அன்று காலை ஆறே முக்கால் மணி முதல் சுமார் ஒன்பது மணி வரை எனக்கு நினைவு என்று எதுவுமே கிடையாது. தன் கண்ணால் காணாத காலத்தைப் பற்றி எழுதுவது சரித்திரக்காரர்களுக்குப் புதிதல்ல. அவர்கள் செய்வதையே நானும் செய்தேன், ஆதாரம் திரட்டினேன். என் சட்டைப்பை நோட்டு ஒன்று. தொட்டிகளைப் படமெடுத்து அனுப்பும் செயலியில் நேரத்தோடு பதிவான படங்கள் இரண்டாவது. எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் தவறுதலாகப் போய்விட்ட ஒரு குரல் பதிவு மூன்றாவது. இவை தவிர, அன்று என்னோடு வண்டியில் இருந்த மூன்று பேரின் வாக்குமூலம். மூவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஸ்டேசன்ல கூட இவ்ளோ நோண்ட மாட்டாங்க சார்" என்றார் டில்லி.

டில்லி எங்கள் ஓட்டுநர். குப்பையை அழுத்தி உள்ளே தள்ளும் பெரிய லாரியை அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சந்துகளில் ஆட்டோ ஓட்டுவதுபோல் வளைத்து ஓட்டுவார். அவரை நான் தினமும் திட்டுவேன். முனுசாமி பாரிவாக்கத்துக்காரர், தொட்டியை உருட்டிவந்து வண்டியின் பின்னால் மாட்டுகிறவர். ஸ்டெல்லா தினமும் பட்டாபிராமிலிருந்து முதல் ரயிலில் வருவார்; சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும், தொழிற்சாலைக் காவலாளிகளோடு சண்டை போடுவதும் அவர் பொறுப்பு. இரண்டையும் சுத்தமாகச் செய்வார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. யாராவது "போன புதன்கிழமை மழை பெஞ்சுதே" என்றால், "புதன் இல்லை, வியாழன், காலை ஏழு பத்துக்கு ஆரம்பித்தது" என்று திருத்தாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. நோட்டைத் திறந்து காட்டவும் செய்வேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'காலண்டர்' என்று பெயர். அது எனக்குத் தெரியும். என்றைக்கு வைத்தார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது பூஜைக்கு வருகிறேன்.

ஆயுதபூஜை அன்று மாலை எங்கள் ஷெட்டிலும் பூஜை போட்டோம். வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகப்பில் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனம், குங்குமம். துடைப்பம், ஷவல், குப்பை வாரும் பெரிய முள்கரண்டி எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கடைசியில் முனுசாமி நான்கு ஹெல்மெட்டுகளையும் கொண்டுவந்து வரிசையாகக் கவிழ்த்துவைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். மொட்டையடித்த நான்கு பேர் சாமியை விழுந்து கும்பிடுவதுபோல் இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. மறுநாள் விஜயதசமி. ஊருக்கெல்லாம் விடுமுறை, எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு வேலை. தொழிற்பேட்டை முழுக்க உடைத்த பூசணிக்காயும் வாழைமட்டையும் மாலையும் பொரியுமாகக் குவிந்து கிடக்கும். மறுபூஜை செய்யும் பெரியவர் எட்டரை மணிக்குத்தான் வருவார். நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

"துடப்பத்த எடுத்துக்கலாம் சார், சாமி ஒண்ணும் சொல்லாது. கூட்டணும்ல" என்றார் முனுசாமி.

"ஷவல்?"

"அதும் எடுத்துக்கலாம். அள்ளணும்ல."

"ஹெல்மெட்?"

முனுசாமி படத்தைப் பார்த்தார். "அது பூஜைல கீது சார்."

இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நான் சிரித்ததும் நினைவிருக்கிறது. துடைப்பம் இல்லாமல் வேலை நடக்காது, ஹெல்மெட் இல்லாமல் நடக்கும். ஆகவே பக்தியை எல்லாம் ஹெல்மெட்டின் மேல் வைத்துவிட்டோம். சாமிக்குப் பயந்து செய்ததாக நான் சொல்லமாட்டேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாக்குவாதம், இரண்டரை மணி நேரம்தானே என்று நினைத்தேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த மிக மோசமான முடிவு அது. எடுத்தபோது அது முடிவு மாதிரியே தெரியவில்லை.

இனி ஆதாரங்கள் பேசும்.

ஆறு நாற்பத்தைந்துக்கு நாற்பத்தொன்றாம் எண் தொட்டியை முனுசாமி வண்டியின் பின்னால் மாட்டினார். தொட்டியில் வாழைமட்டை கோபுரமாய்க் குவிந்திருந்தது. அந்த உச்சியில் முழுசாக ஒரு பூசணிக்காய். உடைக்க வாங்கி, ஏதோ காரணத்தால் உடைக்காமல் விட்டது. தொட்டியின் எண் தெளிவாகத் தெரிந்தால்தான் செயலி படத்தை ஏற்றுக்கொள்ளும். எண்ணின் மேல் குங்குமத் தண்ணீர் வழிந்திருந்தது. அதைத் துடைத்துப் படமெடுக்க நான் குனிந்தேன். வண்டியின் பின்னால், தொட்டி தூக்கும்போது யாரும் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டுக்கு உள்ளே. அந்தக் கோட்டுக்குள் போகிறவர்களுக்கு அரைநாள் ஆப்சென்ட் போடுவது என் வழக்கம்.

நான் குனிந்தது டில்லியின் கண்ணாடியில் தெரியவில்லை. தொட்டி மேலே போனது. பூசணிக்காய் உள்ளே விழாமல் வெளியே உருண்டது.

அதன் எடையைப் பற்றி ஆதாரங்கள் ஒத்துப்போகவில்லை. டில்லி பதினைந்து கிலோ என்கிறார். முனுசாமி "ஒரு ஆள் தலை சைஸ் சார்" என்று என் தலையையே பார்த்தார். ஸ்டெல்லா, "காய் எவ்ளோன்னு யாரு பார்த்தா, உங்களத்தான் பார்த்தேன்" என்றார். மூன்றில் இதையே நான் நம்பகமான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறேன்.

செயலியில் அந்த நேரத்துக்கு ஒரு படம் இருக்கிறது. அதில் வானமும் ஒரு வாழையிலையின் நுனியும் தெரிகின்றன. செயலி அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

விழுந்த வேகத்தில் எழுந்துவிட்டேனாம். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, வேலையைப் பாருங்க" என்றேனாம். தலையில் சிவப்பாக ஏதோ வழிந்தது. ஆனால் அன்று காலை எங்கள் நான்கு பேர் மேலுமே சிவப்பாகத்தான் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. உடைத்த பூசணிக்காயில் எல்லாம் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியிருப்பார்கள் அல்லவா. ஆகவே யாரும் பதறவில்லை. முனுசாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் தலையில் ஊற்றிக் கழுவினார். மறுபடி சிவந்தது. மறுபடி கழுவினார்.

"இன்னாக்கா இது, கழுவக் கழுவ வந்துகினே கீது. ஒசத்தி குங்குமமா?"

ஸ்டெல்லா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை என் தலையில் இறுக்கிக் கட்டினார். "குங்குமம் சூடா இருக்குமாடா?" என்றார்.

அப்போதே ஆஸ்பத்திரி என்ற பேச்சை அவர் எடுத்தார். நான் மறுத்தேன். நான் நின்றேன், நடந்தேன், பேசினேன், நோட்டில் எழுதினேன். தையல் போட வேண்டிய காயம், மதியம் போட்டுக்கொள்ளலாம் என்று டில்லியும் நினைத்தார். அந்த முக்கால் மணி நேரம் நான் பார்த்த வேலைக்கு என் நோட்டே சாட்சி. நாற்பத்தொன்றாம் தொட்டி சுத்தம், நேரம் 6.50 என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, நாற்பத்தொன்றாம் தொட்டி சுத்தம், நேரம் 6.50. அடுத்த பக்கத்தில் மறுபடியும் அதே. ஆனால் அதற்குள் வண்டி இன்னும் நான்கு தொட்டிகளை முடித்துவிட்டது என்று படங்கள் சொல்கின்றன. வரிகள் கோட்டைவிட்டு இறங்கி, மூன்றாவது பதிவு பக்கத்தின் மூலையில் போய் முடிகிறது. எல்லாம் என் கையெழுத்துதான், சந்தேகமில்லை.

ஏழேகாலுக்கு டீ குடித்தோம். குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்துவிட்டு, "டீ இன்னும் வரலையே" என்றேனாம். இரண்டாவது டீ வந்தது. அதைக் குடித்தேன். "என்ன, டீ சொல்லலையா?" என்றேன். முனுசாமி மூன்றாவதும் வாங்கிக்கொடுத்துவிட்டார். "பெரிய மனுசன் கேக்கறாரு, இல்லைன்னா சொல்ல முடியும்?" என்று பிறகு என்னிடமே நியாயம் கேட்டார்.

பிறகு நான் வண்டியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். டில்லி ஒரு சந்தில் வழக்கம்போல் வளைத்துத் திருப்பினார். திட்டுக்காகக் காத்திருந்தார். நான் அவர் தோளைத் தட்டி, "நல்லா ஓட்டறே டில்லி" என்றேன்.

"அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார்" என்றார் டில்லி, வாக்குமூலத்தில். "ஒம்பது வருசமா ஓட்டறேன். ஒரு நாள் சொன்னதில்ல. வண்டிய ஓரம் கட்டிட்டு நேரா அக்காகிட்ட ஓடினேன். 'அக்கா, சாருக்கு இன்னாவோ ஆயிடுச்சு. என்னியப் புகழறாரு'ன்னேன்."

ஸ்டெல்லா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?"

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"ஆமாம்" என்றேன் நான்.

"அப்பதான் சார் எனக்குப் பயமே வந்துச்சு" என்றார் முனுசாமி. "ரத்தத்தப் பார்த்தப்ப கூட வரல."

இந்த இடத்தில் நான் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். ஸ்டெல்லாவின் அண்ணன் ஒரு முறை மினி லாரியிலிருந்து விழுந்திருக்கிறார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஒன்றுமில்லை என்றாராம். வீட்டுக்கு நடந்தே வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை. எங்கள் வண்டியில் தலைக்காயத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் ஸ்டெல்லாதான். பயிற்சி வகுப்புக்குப் போன ஒரே ஆள் நான்.

நான் அப்போது இருக்கையில் சாய்ந்து, "கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததற்கு அந்தக் குரல் பதிவு சாட்சி. முனுசாமி யாருக்கோ போன் செய்யப் போய், அவசரத்தில் குரல் பதிவை அழுத்திக் குழுவுக்கே அனுப்பிவிட்டார். அதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் யாரோ ஒரு முரட்டு ஆள் என் குரலைக் கடன் வாங்கிப் பேசுவதுபோல் இருக்கும்.

"யார் சொன்னது ஆஸ்பத்திரின்னு? எனக்கு ஒண்ணுமில்லை. எத்தனை தரம் சொல்றது?"

"ஒரு தபா காட்டிட்டு வந்துடலாம் சார்." இது ஸ்டெல்லாவின் குரல்.

"நீ உன் வேலையைப் பாரு. வண்டி ரூட்டை விட்டு ஒரு அடி நகர்ந்தா நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது. டில்லிக்கும்தான்."

"சரி சார்."

பதிவு அங்கே முடிகிறது. ஸ்டெல்லாவை நான் 'நீங்க' என்றுதான் அழைப்பேன். 'நீ' என்று நான் அவரைச் சொன்ன ஒரே சான்று இதுதான். அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. ஒப்பந்த வேலை, மறுநாள் பட்டியலில் நான் ஒரு பெயரை எழுதாமல் விட்டால் போதும், ஏன் என்று கேட்க யாரும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், டில்லிக்கும் தெரியும்.

டில்லி பின்வாங்கினார். "வேணாம்க்கா. வேலைய முட்ச்சிட்டு மத்தியானமா இட்டுகினு போலாம்."

"மத்தியானம் வரைக்கும் முழிச்சிருப்பாரா? நீ கியாரண்டி தருவியா?"

"வரமாட்டேன்னு சொல்றாரேக்கா. கையக் கால கட்டியா தூக்கினு போவ முடியும்?"

ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாராம். பிறகு என் பக்கத்துச் சன்னலுக்கு வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "சார், ஒரு கம்ப்ளைண்ட் வந்துகீது."

நான் கண்ணைத் திறந்தேன்.

"ஆவடி போற ரோட்டுல, ஒரு ஆஸ்பத்திரி. வாசல்லயே பூசணிக்கா ஒடச்சிப் போட்டுகீறாங்களாம். வர்றவங்கல்லாம் வழுக்கி வுழறாங்களாம்."

"எப்ப வந்த கம்ப்ளைண்ட்?"

"இப்பதான் சார். ஏழு முப்பத்தஞ்சு."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? எடு வண்டியை!"

புகாரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலுவையில் விடக்கூடாது என்பது என் கொள்கை. மூளையின் எந்த மூலையில் அது எழுதியிருந்ததோ, கிழமை அழிந்த பிறகும் அது அழியவில்லை. நேரத்தையும் சேர்த்துச் சொன்னது ஸ்டெல்லாவின் சாமர்த்தியம்.

லாரி திருமுல்லைவாயில் பக்கம் திரும்பியதுமே கட்டுப்பாட்டு அறையிலிருந்து டில்லிக்கு அழைப்பு வந்தது. வண்டி ரூட் மாறினால் அங்கே திரையில் சிவப்பு விளக்கு எரியும். டில்லி போனை நெருப்பைத் தொட்டதுபோல் ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

"வண்டி எங்க போகுது? யார் பர்மிஷன்?" என்றது போன்.

"கம்ப்ளைண்ட்டுக்குப் போவுது. சார் உத்தரவு."

"சாரைப் பேசச் சொல்லுங்க."

ஸ்டெல்லா போனை என் வாயருகே வைத்தார். "கம்ப்ளைண்ட் நிலுவையில இருக்கக்கூடாது" என்று நான் அதட்டினேன். போன் அடங்கிவிட்டது. என் பணிக்காலத்தில் கட்டுப்பாட்டு அறையை நான் வென்ற ஒரே சந்தர்ப்பம். அதுவும் நினைவில்லை.

வழியில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். "மூணு டீயும் வந்துச்சு சார்" என்பது டில்லியின் வாக்குமூலம். அதன் பிறகு அவர் சிக்னலைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வாழைக்கன்றும் மாலையும் ஆட, குப்பை லாரி ஆஸ்பத்திரியின் முன்வாசலில் நுழைந்தது. காவலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பின்னாடி போ, பின்னாடி போ! குப்பை கலெக்‌ஷன் எல்லாம் பின்வாசல்!"

"கலெக்‌ஷன் இல்ல நைனா, டெலிவரி" என்றார் டில்லி. நேராக அவசரப் பிரிவின் படிக்கட்டு வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

நான் நோட்டோடு இறங்கினேன். வாசல் சுத்தமாக இருந்தது. "பூசணிக்காய் எங்கே?" என்றேன்.

"உள்ள சார்" என்றார் ஸ்டெல்லா, அவசரப் பிரிவின் கதவைத் திறந்துபிடித்து.

உள்ளே போன நான் நேராகக் குப்பைத் தொட்டிகளிடம் சென்றேன். ஆஸ்பத்திரிகளில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பைகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். சிவப்பில் போட வேண்டியது மஞ்சளில் கிடந்ததாம். அங்கிருந்த நர்ஸம்மாவை அழைத்து விரிவாக விளக்கத் தொடங்கினேன். கையில் நோட்டு, குரலில் அதிகாரம், தலையில் துண்டு. அந்தப் பெண் யாரோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று மிரண்டு, "ரிஜிஸ்டர் எடுத்துட்டு வரவா சார்?" என்று கேட்டுவிட்டார். துண்டிலிருந்து என் காலரில் சொட்டுவதை அப்போதுதான் பார்த்தார்.

டாக்டர் இளம்பெண். பேச்சில் திருநெல்வேலி. நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார். "சார், நின்னுக்கிட்டே எதுக்கு? இந்தக் கட்டில்ல உக்காந்து ஆய்வு பண்ணுங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்றார்.

"வெள்ளி" என்றேன், உறுதியாக.

டாக்டர் மற்றவர்களைப் பார்த்தார். "செவ்வாய்தானே?"

"செவ்வாதான் டாக்டர். வெள்ளின்னு நான்தான் சொன்னேன்" என்றார் ஸ்டெல்லா.

"நீங்க ஏன் தப்பாச் சொன்னீங்க?"

"தப்பா சொன்னாதானே டாக்டர் இவரு நல்லா கீறாரான்னு தெரியும்? நல்லா இருந்தா என்னைத் தின்னுட்டிருப்பாரு."

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிவிட்டுத் தானே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாராம்.

மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. சிறிய கசிவு, ஆனால் நிற்கவில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று தயார் செய்தார்கள். மருந்திலேயே கட்டுப்பட்டது. வெளியே ஏழு தையல், உள்ளே நான்கு நாள் கண்காணிப்பு. டாக்டர் என் மனைவியிடம் சொன்னது: "வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தாருன்னா..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை என்று என் மனைவி சொன்னார். நானும் முடிக்காமலே விடுகிறேன்.

எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் தெரிந்தது வலி. தலையில் அல்ல, முன்கையில். ஸ்டெல்லா கிள்ளிக்கொண்டிருந்தார். இனிமேல் தூங்கலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா அதை ஏற்கவில்லை. என் மனைவி வந்து கையைப் பிடித்துத் தடுக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிள்ளியிருக்கிறார். தலைக்காயம் ஆறிய பிறகும் கையில் கன்றியது சில நாள் இருந்தது.

நான் மருத்துவ விடுப்பில் இருக்கும்போது, வண்டி ரூட் மாறியதற்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நடந்ததை எழுதினேன்: வண்டியைத் திருப்பக்கூடாது என்று நான் உத்தரவிட்டேன். என் குழுவினர் பொய் சொல்லி, என் உத்தரவை மீறித் திருப்பினார்கள். அவர்கள் செய்தது சரி. என் உத்தரவு தவறு.

அதிகாரி போன் செய்தார். "சார், இப்படி எழுதினா நான் எந்தத் தலைப்புல ஃபைல் பண்றது? நீங்களே பர்மிஷன் குடுத்ததா ரெண்டு வரி எழுதிக் குடுங்க, முடிஞ்சுது."

நான் கொடுக்காத அனுமதியைக் கொடுத்ததாக எழுதினால் அன்று சரியாக யோசித்தது நான் என்றாகிவிடும். மாட்டேன் என்றேன். பட்டியலில் மூன்று பெயரும் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கேட்டேன், இருந்தன. கடைசியில் அவர் 'வாகனப் பழுது' என்ற தலைப்பில் அதை முடித்துக்கொண்டார். பழுது பட்டது வாகனம் இல்லை என்பதைத் தவிர மற்றபடி சரியான பதிவுதான்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். அடிபட்ட தலையிடமே போய் அடி எப்படி என்று கேட்காதீர்கள். ஒன்றுமில்லை என்றுதான் அது சொல்லும், அதுவும் அதிகாரமாகச் சொல்லும். அந்தத் தலை உங்களுடையதாகவும் இருக்கலாம். ஆகவே வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் வண்டியில் ஒருவரைப் பிடித்து, எனக்கு அடிபட்டால் உங்கள் பேச்சுதான் செல்லும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவையுங்கள். உங்களைக் கண்டு பயப்படுகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பூஜை விஷயத்துக்கு முனுசாமியே வழி கண்டுபிடித்தார். ஒரு ஹெல்மெட் அதிகமாக வாங்கிச் சாமிக்கென்றே வைத்துவிட்டோம். எங்கள் ஷெட்டில் கீறல் விழாத ஹெல்மெட் அது ஒன்றுதான்.

மறுபடி வேலைக்கு வந்த பிறகுதான் அந்த வாக்குமூலங்களை எடுத்தேன். ஸ்டெல்லாவை மட்டும் கடைசியாகக் கேட்டேன், அம்பத்தூர் ரயில் நிலையத்தில், அவர் வீடு திரும்பும் நேரத்தில். குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்க விரும்பவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலை கிடையாதுன்னு சொல்றேன். நீங்க சரி சார்னு சொல்றீங்க" என்றேன்.

"ஆமா சார்."

"அப்புறம் வண்டியைத் திருப்பிட்டீங்க. பயமா இல்லையா?"

"பயம்தான் சார். பொண்ணு காலேஜ் படிக்குது, பயம் இல்லாம?"

"பின்னே எந்தத் தைரியத்துல?"

ரயில் வந்துகொண்டிருந்தது. அவர் சாப்பாட்டுக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்துதானே சார் வேலை கிடையாதுன்னீங்க? அன்னிக்கு நான் டூட்டில இருந்தேனே."

சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார்.